வாலண்டைன் பார்த்த கடைசிப் பத்து நிமிடம்

லித்துவேனியாவிலிருந்து வந்த பையனுக்குக் கட்டில் பத்தவில்லை. படுத்தால் முழங்காலுக்குக் கீழே உள்ளதெல்லாம் வெளியே தொங்கும். கூச்ச சுபாவம், யாரிடமும் அவன் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் கூடத்துத் தரையில் துண்டை விரித்து அவன் படுத்துக் கிடந்ததை விடுதியில் சமையல் வேலை பார்த்த தனலெட்சுமி கண்டாள். வாலண்டைன் வந்தபோது பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னாள். அவரும் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு கோப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு நாள் பையனின் அறையை அவள் பெருக்கப் போனால், கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெஞ்சு ஒட்டி நிற்கிறது. கட்டிலின் உயரத்துக்கே கால்களை அறுத்து, மேலே பஞ்சு வைத்து, பழைய திரைத்துணியால் தைத்து மூடியிருந்தது.

"யாருண்ணே இதைச் செஞ்சது?" என்று கேட்டாள்.

"எங்கயோ கெடந்துச்சு லா. தூக்கிட்டு வந்து போட்டேன்" என்றார் வாலண்டைன். அவருடைய கட்டைவிரலில் புதிதாகப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

அந்தப் பையன் வேண்டாம், ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று அடுத்த வாரம் எழுதிக் கொடுத்தவரும் இதே வாலண்டைன்தான். அவர் அப்படித்தான். நெஞ்சு வேறு, கண் வேறு என்று வைத்துக்கொண்டிருந்த மனிதர்.

ஜொகூர் மாநிலத்து மாசாயில் வரிசை வீடுகளுக்கு நடுவே இரண்டு வீட்டைச் சேர்த்து செலாட் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு விடுதி வைத்திருந்தது. கூடைப்பந்து அணி. லீக்கில் சேர்ந்த எட்டு அணிகளும் வருஷத்துக்கு ஒரு முறை ஓரிடத்தில் கூடி வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எடுக்கும். டிராஃப்ட் என்று அதற்குப் பெயர். முறை வைத்து, சுற்றுச் சுற்றாக எடுப்பது. வசதியுள்ள அணிகள் முதல் சுற்றிலேயே அமெரிக்கா, செர்பியா என்று பேர்போனவர்களைக் கொத்திக்கொண்டு போய்விடும். செலாட் சின்ன அணி. கடைசிச் சுற்று வரும்போது யாரும் தொடாமல் மிச்சமிருக்கும் பெயர்கள்தான் அதற்கு வாய்க்கும். அந்தப் பையன்கள் வந்து மூன்று வாரம் விடுதியில் தங்கி ஆடிக் காட்ட வேண்டும். நான்கு பேர் வந்தால் ஒருவன் நிற்பான். அந்த ஒருவன் யார் என்று சொல்வதுதான் வாலண்டைனின் வேலை.

பாசிர் கூடாங் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். சின்ன வயதில் தேவாலயத்துப் பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் சீனப் பையன்களோடு பந்தாடி வளர்ந்தவர். ஜொகூர் மாநில அணியில் ஆடிய ஒரே தமிழர் அந்தக் காலத்தில் அவர்தான் என்பார்கள். மனைவி வினிஃப்ரெட் காலமான பிறகு வீட்டில் தனிக்கட்டை. காலையில் பூசை, பிறகு பந்து மண்டபம், அது விட்டால் தனலெட்சுமியின் சமையலறை நாற்காலி. இவ்வளவுதான் அவருடைய உலகம்.

அவர் பார்க்கிற விதமே தனி. பையன் எத்தனை பந்து கூடையில் போடுகிறான் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். பிற்பகல் ஒரு மணிக்கு, தகரக் கூரை கொதிக்கிற நேரமாகப் பார்த்து ஆட்டத்தை வைப்பார். முதல் முப்பது நிமிடம் சுவரில் சாய்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார். கடைசிப் பத்து நிமிடம் வந்ததும் மாலையைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு எழுந்து நிற்பார்.

"தெம்பா இருக்கறப்ப எல்லாருமே நல்லவந்தான் தனம்மா" என்பார். "ஓஞ்சு போனப்பறம் என்ன பண்றான், அதைத்தான் பாக்கணும். அப்ப எவனாலயும் ஒளிக்க முடியாது."

அவருடைய கண்ணை மற்ற அணிக்காரர்களும் நம்பினார்கள். வாலண்டைன் வேண்டாம் என்று எழுதிய பையனை ஈப்போவிலும் எடுக்க மாட்டார்கள், கோலாலம்பூரிலும் எடுக்க மாட்டார்கள். தனலெட்சுமிக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. தன் சமையலறையில் உட்கார்ந்து கோப்பி குடிக்கிற மனிதர் சொன்னால் நாடே கேட்கிறது என்ற பெருமை.

அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் மாதக் கடைசியிலேயே வந்து போய்விட்டது. ஏப்ரலில் முஸ்லிம்களின் நோன்புப் பெருநாளான ஹரி ராயாவும் முடிந்தது. அதன் பிறகுதான் எத்தியோப்பியாவிலிருந்து தெஸ்ஃபாயே வந்தான். டிராஃப்டில் கடைசிக்குக் கடைசிப் பெயர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மரச்சிலுவை. மெலிந்த உடம்பு, நீளமான விரல்கள், தலையைக் குனிந்து ஒரு சிரிப்பு. தனலெட்சுமியைப் பார்த்தால் ஒரு கையால் மறு கையின் முழங்கையைத் தொட்டுக்கொண்டு வணக்கம் வைப்பான். அவன் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்த முதல் நாள் வாலண்டைன் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"தனம்மா, இந்த வருஷம் ஆண்டவர் கண்ணைத் தொறந்துட்டாரு. பந்து எங்க வரப்போகுதுன்னு இவனுக்கு முன்னாடியே தெரியுது. இவனை எப்படி எல்லாரும் விட்டானுங்க?"

"அப்ப எடுத்துக்க வேண்டியதுதானே?"

"இன்னும் கடைசிப் பத்து நிமிஷம் பாக்கல."

அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் போனது. முதல் ஆட்டத்தில் தெஸ்ஃபாயே முப்பது நிமிடம் பறவை மாதிரி ஆடினான். பிறகு கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. இடைவேளையில் தண்ணீர் நீட்டினார்கள், தலையை ஆட்டி வேண்டாம் என்றான். இரண்டாவது ஆட்டமும் அதே கதை. மூன்றாவதில் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

விடுதியிலும் அவன் நடப்பு தனலெட்சுமிக்குப் புதிராக இருந்தது. காலையில் மற்றப் பையன்கள் ரொட்டியும் முட்டையுமாகப் பசியாறும்போது இவன் அறையை விட்டு வெளியே வரமாட்டான். ராயா விருந்தென்று பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் கொடுத்தனுப்பிய ரெண்டாங் இறைச்சிக் கறியை மற்றவர்கள் வழித்து நக்கினார்கள், இவன் தொடவில்லை. ஆட்டம் முடிந்து வந்து, மூன்றரை மணிக்கு மேல், அடுப்பங்கரையில் நின்றபடியே ஒரு பானைச் சோற்றைப் பருப்போடும் கங்கோங் கீரையோடும் தின்று தீர்ப்பான். கோழி வைத்தால் மெதுவாக ஓரமாக நகர்த்திவிட்டு, "சாரி ஆண்ட்டி" என்பான்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவள் தனலெட்சுமி. ஒரு வேளைச் சாப்பாட்டோடு முருகனை நினைத்துக் கிடந்த நாட்கள் அவளுக்கு உண்டு. அதனால் அவளுக்குள் ஒன்று தட்டியது.

"அண்ணே, இந்தப் பையன் ஏதும் விரதத்துல இருக்கானோ?" என்று கேட்டாள்.

வாலண்டைன் சிரித்துவிட்டார். "கழுத்துல சிலுவையைப் பாக்கலையா? எங்க ஆளு. எங்க தவக்காலம் முடிஞ்சு மாசமாகப் போகுது தனம்மா. நான்தான் ஈஸ்டரன்னிக்கு இங்க உக்காந்து உங்க கோழிக் கறியை ஒரு கட்டு கட்டுனேனே."

"ஆமா, குழம்புச் சட்டியைத் தேய்க்கற வேலைகூட வைக்கலை."

"அதான் சொல்றேன். இது வேற. உடம்புல ஏதோ இருக்கு. சொல்ல மாட்டேங்கறான்."

அவருடைய சாமி சம்பந்தப்பட்ட காரியம் அவருக்குத் தெரியாதா என்று அவளும் பேசாமல் விட்டுவிட்டாள். அவன் வாயிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று வாலண்டைன் ஆங்கிலத்தில் இரண்டு முறை கேட்டார். "நன்றாக இருக்கிறேன்" என்றான். "சாப்பிட்டாயா?" என்று அவர் கேட்கவில்லை. அதைக் கேட்பது சமையல்காரியின் வேலை என்று நினைத்தாரோ என்னவோ.

ஏப்ரல் மாதக் கடைசியில் எழுதிக் கொடுத்தார். நல்ல கை, நல்ல கண், கடைசியில் கால் நிற்கவில்லை, நெஞ்சில் கோளாறு இருக்கலாம், எடுக்க வேண்டாம். எழுதிவிட்டு வந்து கோப்பியைத் தொடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "மனசு கேக்கலை. ஆனா கண்ணு பாத்ததைத்தானே எழுதணும்" என்றார். அணி மனேஜர் குணாளன் அன்றைக்கே அதை லீக்குக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டார்கள்.

வேண்டாம் என்று எழுதிய பையன்களைத் தானே காரில் கொண்டுபோய் செனாய் விமான நிலையத்தில் விடுவது வாலண்டைனின் வழக்கம். மே மாதத்து முதல் ஞாயிறு அது. தனலெட்சுமி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். விடுதியில் வேறு பையன்கள் எழுந்திருக்கவில்லை. தெஸ்ஃபாயே சமையலறைக்கு வந்தான். ஓரத்தில் கோலம் போட்டது போல் நெய்த வெள்ளைத் துணியைத் தோளில் போர்த்தியிருந்தான். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"ஆண்ட்டி, முட்டை இருக்கிறதா? கோழி இருக்கிறதா?"

அவளுக்குக் கை ஓடவில்லை. முந்தின நாள் கோழிக் குழம்பைச் சூடு பண்ணினாள். நான்கு முட்டையை உடைத்து ஊற்றினாள். அவன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டான். ஒரு பிள்ளை அப்படிச் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. கண்ணை மூடி மூடிச் சாப்பிட்டான்.

அந்த நேரம் பார்த்து வாலண்டைன் கார்ச் சாவியோடு வாசற்படியில் வந்து நின்றார். தட்டைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார்.

"இன்னிக்கு என்ன?" என்று கேட்டார். குரல் அவருடையது போலவே இல்லை.

தெஸ்ஃபாயே எழுந்து நின்று சிரித்தான். இன்றைக்குத்தான் எங்களுக்கு ஈஸ்டர் என்றான். எங்கள் சபைக்குக் கணக்கு வேறு, சில வருஷம் உங்களுக்குப் பின்னால் வரும் என்றான். ஏறக்குறைய இரண்டு மாத நோன்பு. பிற்பகல் மூன்று மணி வரை தண்ணீர்கூடக் கிடையாது. அதன் பிறகும் இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. இதையெல்லாம் ஏதோ மழை பெய்ததைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்து எலும்பை எடுத்தான்.

ஒரு மணி ஆட்டம். தகரக் கூரை. முதல் நாள் மாலையோடு வயிற்றில் ஒன்றுமில்லாத பிள்ளை முப்பது நிமிடம் பறவை மாதிரி ஆடியிருக்கிறான். வாலண்டைன் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு கைபேசியை எடுத்து குணாளனைக் கூப்பிட்டார். சத்தமாகப் பேசுகிற கைபேசி அது, மறுபக்கம் பேசியதும் அவளுக்குக் கேட்டது.

"குணா, அந்த எத்தியோப்பியாப் பையனை நிப்பாட்டு. நான் எழுதுனது தப்பு."

"அலமாக். என்னண்ணே காலங்காத்தால? லீக்குல பேரை எடுத்தாச்சு."

"அவன் நோன்புல இருந்திருக்கான். நெஞ்சுல ஒண்ணும் கெடையாது."

"ராயாதான் முடிஞ்சு போச்சே, என்ன நோன்பு?"

"அவங்க நோன்பு. எங்க நோன்புதான். தேதி வேற."

"அண்ணே, ஒரு தடவை பேரை விட்டா இந்த சீசனுக்கு எந்த அணியும் தொட முடியாது. ரூல் உங்களுக்குத் தெரியாததா? அவன் எடத்துக்கு வேற ஆளு ஏறியாச்சு, நாளைக்கு வந்து எறங்குறான். நீங்க போய் அவனை விட்டுட்டு வாங்க" என்றார் குணாளன். கெட்ட மனிதர் இல்லை. அவர் கையிலும் ஒன்றுமில்லை.

வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு தனலெட்சுமியும் காரில் பின்னால் ஏறிக்கொண்டாள். செனாய் போகும் பாதி வழியில் வாலண்டைன், "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவளுக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் பதில் அவளுக்குப் புரிந்தது.

"நீங்கள்தான் தீர்ப்புச் சொல்கிறவர். உங்களிடம் சொன்னால் இரக்கம் கேட்டது போல ஆகிவிடும்" என்றான் தெஸ்ஃபாயே. கொஞ்சம் பொறுத்து, "நோன்போடு ஆடி ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன். என் கணக்கும் தப்பு" என்றான்.

ஊரில் தகப்பன் இல்லை, இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள் என்பதை விமான நிலையத்தில் இறங்கும்போதுதான் சொன்னான். அதையும் அவள் கேட்டதற்குத்தான் சொன்னான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் முழங்கையைத் தொட்டு இருவருக்கும் வணக்கம் வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்குள் போனான். வாலண்டைன் வண்டியை எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவன் ஹார்ன் அடித்த பிறகுதான் எடுத்தார்.

அதன் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. அடுத்த சீசனுக்காவது அவனை யாராவது எடுக்கட்டும் என்று ஒவ்வோர் அணியாகக் கூப்பிட்டார். பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போய் வந்தார். போன இடமெல்லாம் அவருடைய எழுத்து அவருக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. ஈப்போ அணியின் மனேஜர் ஏரம்பமூர்த்தி அவருக்கு நெடுநாள் பழக்கம். அவரே சொல்லிவிட்டார்:

"வாலண்டைன், நெஞ்சில கோளாறு இருக்கலாமெண்டு எழுதினது நீங்கள்தானே. இப்ப இல்லையெண்டுறியள். நாளைக்குக் கோர்ட்டில விழுந்து செத்தால் ஆர் பதில் சொல்றது? உங்கட மனம் இளகிப்போச்சு, அதுதான் இப்பிடிப் பேசிறியள்."

ஊர் ஊராக நம்பிய கண். அது சொன்ன ஒரு பொய்யை அதனாலேயே திரும்ப வாங்க முடியவில்லை.

தெஸ்ஃபாயே தொடக்கத்தில் கைபேசியில் பதில் அனுப்புவான். கட்டட வேலைக்குப் போகிறேன், நலம், ஆண்ட்டியைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்பான். அவன் ஊர்ப் பக்கம் சண்டை என்று செய்தியில் வந்தது. பிறகு வாலண்டைன் அனுப்பியதெல்லாம் போய்ச் சேராமல் ஒற்றைக் குறியோடு நின்றுவிட்டது. அவர் அனுப்பிக்கொண்டேதான் இருந்தார்.

ஒரு நாள் சமையலறையில் உட்கார்ந்து சொன்னார்: "ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன் தனம்மா. தெரியாமச் செஞ்சது, இது பாவம் இல்லைங்கறாரு. பாவமா இருந்தா மன்னிப்பு உண்டு. பாவம் இல்லைன்னா இதை நான் எங்க கொண்டு போய் வைக்கிறது?"

அம்மன் பார்த்துக்குவா என்பது அவள் வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கோப்பியை மட்டும் இன்னொரு முறை சூடு பண்ணிக் கொடுத்தாள்.

அடுத்த வருஷத்து டிராஃப்ட் வந்தது. வாலண்டைன் ஆட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினார். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு பையனிடமும் போய்ச் சாப்பிட்டாயா, தூங்கினாயா, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்தார். கடைசிப் பத்து நிமிடத்தில் எழுந்து நிற்பதற்குப் பதிலாக வெளியே போய்விடுவார். கேமரூனிலிருந்து வந்த பையனுக்கு வலது முட்டி வீங்கியிருந்தது. சோறு பரிமாறிய தனலெட்சுமிக்கே அது தெரிந்தது. வாலண்டைன் அவனை எடுக்கலாம் என்று எழுதினார். லீக்கின் இரண்டாவது ஆட்டத்திலேயே அந்த முட்டி கிழிந்துபோய், பையன் ஊன்றுகோலோடுதான் ஊருக்குப் போனான். இனி அவனால் ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"பாத்தேன் தனம்மா. வீக்கத்தைப் பாத்தேன். அது அப்படி இல்லைன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்" என்றார் அன்றைக்கு.

கண்டிப்பாக இருந்தபோது ஒருவன் போனான், இரக்கப்பட்டபோது இன்னொருவன் போனான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் எங்கே நிற்பது என்று தனலெட்சுமி இன்றைக்கும் யோசிக்கிறாள். ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சீசன் முடிந்ததும் குணாளன் நல்ல வார்த்தை சொல்லியே அவரை நிறுத்திவிட்டார். வாலண்டைன் வீட்டை விற்றுவிட்டுச் சிகாமட்டில் இருக்கிற தங்கை ஜெரால்டினோடு போய் இருந்தார். மழைக்காலத்தில் ஒரு நாள் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று சேதி வந்தது. ஆறு பெருகிச் சிகாமட் போகும் ரோட்டை வெள்ளம் மூடியிருந்த நாள். தனலெட்சுமி லார்க்கின் பஸ் நிலையம் வரை போய், வண்டி போகாது என்றதும் திரும்பி வந்துவிட்டாள். முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது, சிகாமட் போவதற்கு முன்னால் அவர் விடுதிச் சாவியைக் கொடுக்க வந்த அன்று. உள்ளே வரச் சொன்னாள், வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே கோப்பியை வாங்கிக் குடித்தார். சட்டை தோளில் தொங்கியது. அடுத்த சீசனுக்கு முன்கூட்டியே வந்திருந்த ஒரு பையன் முற்றத்துக் கம்பத்துக் கூடையில் பந்து எறிந்துகொண்டிருந்தான். நல்ல உயரம், நல்ல கை. இத்தனை வருஷத்துப் பழக்கம், அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"புதுசா வந்திருக்கான் அண்ணே. எப்படி, தேறுவானா?"

வாலண்டைன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பந்து விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கியது. கோப்பிக் குவளையை அவள் கையில் கொடுத்தார்.

"இனிமே என்கிட்ட யாரையும் காட்டாதீங்க தனம்மா. எல்லாரையும் நல்லாத்தான் ஆடுறான்னு சொல்லிருவேன்."